நான் உங்க சுடலைமணி பேசுறேன்

வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தரம் பிரிக்கிற கொட்டகை ஒன்றில் சுடலைமணி வேலை பார்க்கிறார். பொழுதுக்கும் குனிந்து காய் பொறுக்குகிற வேலை, பேச்சு தேவையில்லை. வீட்டுக்குப் போன் வந்தால் அவர் மனைவி கற்பகம்தான் எடுப்பாள். "அவுக பேச மாட்டாக, எங்கிட்டச் சொல்லுங்க" என்பாள். மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முப்பது வருஷம் மைக்கை விடாமல் பிடித்திருந்த மனுஷன், இன்று மளிகைக் கடையில் விரலை நீட்டித்தான் சாமான் வாங்குகிறார். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டரிடம் காட்டியாயிற்று.

மைக் அவர் கைக்கு வந்ததே ஒரு வார்த்தையால்தான். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. நெட்டிமேடு எஸ்டேட் மேல் டிவிஷனில் கொழுந்துச் சாக்கு சுமந்துகொண்டிருந்தார். ஓடைக்கரையில் குடிசை போட்டிருந்த இருபது குடும்பங்களைக் காலி பண்ணச் சொல்ல ஓர் அதிகாரி வந்தார். கூட வந்த குமாஸ்தாவுக்கு அரைகுறைத் தமிழ். மலையாளத்தில் 'ஒழிஞ்ஞு போகணம்' என்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான். குமாஸ்தா அதை அப்படியே தமிழாக்கி, "எல்லாரும் ஒழிஞ்சு போகணும்!" என்று கத்தினார். நம் ஆட்கள் ஒழிஞ்சு போ என்று யாரிடம் சொல்வார்கள்? செத்துத் தொலைய வேண்டியவனிடம்தான் சொல்வார்கள். பெண்கள் விளக்குமாற்றைத் தூக்கிவிட்டார்கள். அதிகாரி ஜீப்புக்குள் ஏறி ஒளிந்துகொண்டார். சுடலைமணிதான் ஒரு பாறைமேல் ஏறி நின்று, "எம்மா, அவரு திட்டலை! வீட்டைக் காலி பண்ணணும்னு மலையாளத்துல சொல்லுதாரு! மாத்து இடம் எங்கன்னு கேளுங்க, அடிக்காதீய!" என்று கூவினார். அடி நின்றது, மாற்று இடமும் கிடைத்தது. அன்றைக்கு நாலு பேர் உயிர் பிழைத்தார்கள் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் அவருக்கு அது பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கட்சித் தலைவர் மலை ஏறினாலும் பக்கத்தில் சுடலைமணி நின்றார். வீட்டில் அவர் பேசுவது அப்பன் கொண்டுவந்த திருநெல்வேலித் தமிழ். மைக் முன்னால் நின்றால் அது மாறிவிடும். 'பேசுதேன்' என்கிற வாய் 'பேசுறேன்' என்னும். "அன்பான தோழர்களே, நான் உங்க சுடலைமணி பேசுறேன்" என்று ஆரம்பித்தால் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வருவார்கள்.

அவர் மொழிபெயர்ப்பில் ஒரு சின்னத் தில்லுமுல்லு உண்டு. அதை மறைத்தால் இந்தக் கதையில் நியாயமில்லை. தலைவர் மலையாளத்தில் "நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்கலாம் என்றால் நடக்காது என்பது மேடையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். சுடலைமணி அதைத் தமிழில், "கட்டாயம் செஞ்சு தர்றேன்னு சொல்றார்" என்று ஆக்கிவிடுவார். கை தட்டல் எழும்பும். தலைவருக்கு எதற்கென்று தெரியாவிட்டாலும் சந்தோஷமாக இருக்கும். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த பவுல்ராஜ் மட்டும் கூட்டம் முடிந்ததும் பிடித்துக்கொள்வார். "வேய், அந்த ஆளு சொன்னது ரெண்டு வார்த்தை. நீரு சொன்னது ரெண்டு ஏக்கர்" என்று சிரிப்பார். பக்கத்து வீடு, ஒரே சுவர், வயசில் மட்டும் மூணு வருஷம் மூப்பு. பவுல்ராஜின் பெண் டின்டுவுக்கு மலையாள எழுத்தைச் சொல்லிக்கொடுத்ததும் சுடலைமணிதான். அவள் நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் கோகுல்நாத் வந்தார். வெளிநாட்டில் படித்து, கட்சியில் தேசிய அளவில் ஒரு பதவியில் இருந்தவர். நாற்பது வயசுக்குள் தில்லி வரை பெயர் அடிபட்டது. லேபர் கிளப்பில் கூட்டம். கையில் வழவழப்பான அட்டை போட்ட புத்தகம் ஒன்று வைத்திருந்தார். தகவல் யுகத்தில் தேசத்தை நடத்துவது எப்படி என்று அவரே எழுதியது. அன்று அவர் சொன்னதைச் சுடலைமணி கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னார், அவ்வளவு பிடித்துப்போயிற்று.

"பழைய தலைவன் மேடையில் நின்றான். மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இனி வரப்போகிற தலைவன் மேடையில் நிற்கமாட்டான். ஒவ்வொரு குடிமகனின் காதுக்குப் பக்கத்தில் இருப்பான். அவன் தாய்மொழியில், அவன் நம்புகிற குரலில் பேசுவான். மலை உச்சியில் இருக்கிற கடைசி வீட்டுக்கும், தலைநகரத்தில் இருக்கிற முதல் வீட்டுக்கும் ஒரே விநாடியில் செய்தி போகும். இடையில் அதிகாரி இல்லை, தரகன் இல்லை, தாமதம் இல்லை."

இடையில் தரகன் இல்லை என்று சொன்னபோது தானும் ஒரு தரகன்தான் என்பது சுடலைமணிக்கு உறைக்கவில்லை. அவன் நம்புகிற குரல் என்ற இடத்தில் கோகுல்நாத் அவர் தோளில் கை வைத்திருந்தார். அதிலேயே மனுஷன் கிறங்கிப்போனார்.

கொச்சியில் ஒரு கண்ணாடி அறையில் மூன்று நாள் உட்கார வைத்துக் குரலைப் பதிந்தார்கள். ஜிபின் என்கிற பையன், கோகுல்நாத்தின் கம்ப்யூட்டர் ஆட்களுக்குத் தலைவன், எதிரே உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வரிகளை வாசிக்கச் சொன்னான். மழை, பென்ஷன், ரேஷன், பிறந்தநாள், அனுதாபம். "இனி அங்கிள் வர வேண்டாம். நாங்க மலையாளத்துல டைப் பண்ணினா போதும், உங்க குரல்லயே தமிழ்ல போகும்" என்றான். இங்கிலீஷில் இருந்த ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினான். சுடலைமணி படிக்கவில்லை. படித்திருந்தாலும் போட்டிருப்பார். தேசத் தலைவராகப் போகிறவருடைய தமிழ்க் குரல் தன்னுடையது என்பதைவிட வேறு என்ன வேண்டும்? ஊருக்கு வந்து சொன்னதும் கற்பகம் வெடுக்கென்று கேட்டாள்: "குரலைக் கழட்டிக் குடுத்துட்டு வந்துட்டீக. இனி வீட்டுல எதை வச்சுப் பேசுவீக?"

அந்த ஏற்பாட்டுக்கு 'அரிகில்' என்று பெயர் வைத்தார்கள். அருகில் என்று அர்த்தம். முதல் மாதம் லயமே சொக்கிப்போயிருந்தது. பவுல்ராஜின் பிறந்தநாளுக்கு, அவரே மறந்துபோன நாளுக்கு, போன் வந்தது. "அன்பான பவுல்ராஜ், நான் உங்க சுடலைமணி பேசுறேன்" என்று ஆரம்பித்து, "உங்கள் அருகில் என்றும், கோகுல்நாத்" என்று முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நிஜச் சுடலைமணி குளித்துக்கொண்டிருந்தார். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நாள் போகப் போகச் சிரிப்பு தேய்ந்தது. வாரத்துக்கு நாலு போன், ஐந்து போன். கொழுந்து எடுக்கும்போதும் வரும், ஜெபத்துக்கு நடுவிலும் வரும். 'நான் உங்க' என்றதுமே ஜனங்கள் வெட்டிவிடப் பழகினார்கள். சுடலைமணி நேரில் வந்து பேச்சுக் கொடுத்தால், "ஒண்ணை அமுக்கணுமா, ரெண்டை அமுக்கணுமா அண்ணாச்சி?" என்று கிண்டல் பண்ணினார்கள். கோகுல்நாத் அப்புறம் மலை ஏறவேயில்லை. ஏற வேண்டிய அவசியமும் இல்லை.

பவுல்ராஜ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. லயத்து வீடு வேலை செய்கிறவனுக்கு மட்டும்தான், ஓய்வு பெற்றவன் காலி பண்ண வேண்டும். அவர் மனைவி செபமாலையம்மாள் இன்னும் கொழுந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். இருந்தும் வீடு பவுல்ராஜ் பேரில் என்று சொல்லிவிட்டார்கள். நோட்டீஸில் இருந்த வார்த்தையும் அதேதான், 'ஒழிஞ்ஞு தரணம்'. அதுபோல மேல் டிவிஷனில் ஒன்பது வீடு. பவுல்ராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுடலைமணியிடம் ஒன்று கேட்டார்.

"உம்ம தலைவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லும் வேய். சாவுறவரைக்கும் இந்த வீட்டுல கிடந்துட்டுப் போறோம்."

சுடலைமணி ஜிபினைக் கூப்பிட்டார். "அரிகில்ல போட்டு விடுங்க அங்கிள்" என்றான். அரிகில் நம்பருக்குக் கூப்பிட்டுப் பவுல்ராஜ் பேரில் குறையைப் பதிந்தார். இரண்டு நாளில் பவுல்ராஜுக்குப் பதில் வந்தது, சுடலைமணியின் குரலிலேயே: உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது, பொறுமைக்கு நன்றி. பவுல்ராஜ் போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "கேட்டீரா வேய், நீரு எனக்கு நன்றி சொல்லுதீரு." அன்றைக்கு அப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு குறைந்துபோயிற்று. சுடலைமணிக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து சரிபண்ணிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தார்.

போன வருஷ மழை ஆறு நாளாக விடாமல் பெய்தது. ஏழாம் நாள் கற்பகத்தின் கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்ததால் இருவரும் காலையிலேயே ஜீப்பில் மூணாறுக்கு இறங்கினார்கள். தோட்டத்தில் அன்று வேலை இல்லை. லயத்தில் எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். செபமாலையம்மாள் மட்டும் ரேஷனுக்காகக் கீழ் டிவிஷனுக்குப் போயிருந்தாள்.

மத்தியானம் மூன்று மணி பத்து நிமிஷம். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுடலைமணியின் போன் அடித்தது. எடுத்தார். அவர் குரலே பேசியது.

"அன்பான தோழர்களே, நான் உங்க சுடலைமணி பேசுறேன். நெட்டிமேடு மேல் டிவிஷன் லயத்தில் உள்ள எல்லாரும் உடனே ஒழிஞ்சு போகணும். ஒத்துழைக்கணும். உங்கள் அருகில் என்றும், கோகுல்நாத்."

முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் குமாஸ்தா கத்திய அதே வரி, இப்போது தன் தொண்டையிலிருந்து. அதற்குப் பின்னால் இருக்கிற மலையாளம் அவருக்கு அந்த விநாடியே தெரிந்துவிட்டது. மலைக்குமேல் மண் இளகிவிட்டது, ஆட்களை அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் எங்கே போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது. இருபது விநாடிக்குமேல் ஜனங்கள் போனைக் கேட்பதில்லை என்று ஜிபினின் கணக்கு சொன்னதாம். அதனால் மிஷின் தானாகவே செய்தியைச் சுருக்கிவிடுமாம். மண் சரிவு அபாயம் என்கிற முதல் வரியை அது சுருக்கிவிட்டது. தலைவர் பெயரைச் சுருக்கவில்லை.

லயத்தில் அதைக் கேட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தமிழாகக் கேட்டவர்களுக்கு அது சாபம். மலையாளம் தெரிந்தவர்களுக்கோ அது கம்பெனி நோட்டீஸ், அதே வார்த்தை. எப்படிக் கேட்டாலும் வீட்டைவிட்டு அசையக் கூடாது என்றுதான் எவனுக்கும் தோன்றும். ஓடைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவுக்குக் குறுக்கே கட்டிலைத் தூக்கிப் போட்டார்கள் என்று பிழைத்த ஒருத்தி சொன்னாள். ஜப்தி பண்ண வருகிறார்கள் என்று நினைத்தார்களாம்.

சுடலைமணி பவுல்ராஜைக் கூப்பிட்டார். மணி அடித்தது. எடுத்தார்.

"பவுலு! நான் உங்க சுடலைமணி பேசுறேன்..."

போன் வெட்டப்பட்டது.

பக்கத்தில் ஒரு கண்ணை மூடிக் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்த கற்பகம் அவர் கையைப் பிடித்தாள். "ஏங்க, 'பேசுறேன்'னு சொல்லிட்டீகளே! 'பேசுதேன்'னு சொல்லுங்க! அவுக அந்த மிஷின்னு நினைச்சுருவாக!"

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. நூறு பேருக்கு உயிர்போகிற செய்தி என்றதும் வாய் தன் பாட்டுக்கு மேடைத் தமிழுக்குப் போய்விட்டது. ஓர் எழுத்து. வீட்டுத் தமிழில் ஓர் எழுத்து சொல்லியிருந்தால் பவுல்ராஜ் கேட்டிருப்பார்.

மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை பவுல்ராஜ் பேச விடவில்லை.

"நீ மிஷினா, மனுசனா? மிஷினுன்னா வச்சிட்டுப் போ, உம்மேல ஒரு வருத்தமும் இல்ல. சுடலைமணின்னா கேளும் வேய். எங்களை ஒழிஞ்சு போகச் சொல்ல உமக்கு எப்படி வாய் வந்துச்சு? கம்பெனிக்காரன் சொல்லட்டும், கேட்டுக்கிடுதேன். நீரு சொல்லலாமா? ஒழியமாட்டோம் வேய். செத்தாலும் இங்கதான்."

"பவுலு, மண்ணு வருதுல! டின்டுவைக் கூட்டிக்கிட்டு..."

அவர் சொல்லி முடிக்கும் முன்னால் லைன் போய்விட்டது. பவுல்ராஜ் வெட்டினாரா, டவர் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. 'மண்ணு' என்பது காதில் விழுந்ததா என்றும் தெரியாது. அதற்குப் பிறகு நெட்டிமேட்டில் ஒரு போனும் அடிக்கவில்லை. டவர் விழுந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று கற்பகம் அவரிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

ஜீப் பிடித்தார். பாதி வழியில் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. அரசாங்க ஜீப் ஒன்றும் அதே மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. மரத்தைத் தாண்டி மழையில் ஏறி ஓடினார். ஐந்தேகால் மணிக்குக் கோயில் திருப்பத்துக்கு வந்தபோது மேல் டிவிஷன் இருந்த இடத்தில் சேறும் பாறையும்தான் கிடந்தது. நாலே முக்காலுக்கு மண் சரிந்து வந்து போயிருந்தது. இரண்டு லயம், பதினாறு வீடு. கையால் தோண்டினார். பேர் பேராகக் கூப்பிட்டார். அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அப்போது வந்தது சுத்தமான வீட்டுத் தமிழ். கேட்கத்தான் ஆள் இல்லை.

பவுல்ராஜையும் டின்டுவையும் மறுநாள் ஒரே இடத்தில் எடுத்தார்கள். மொத்தம் முப்பத்தொரு பேர்.

நான்காம் நாள் கீழ் டிவிஷன் பள்ளிக்கூடத்தில், பிழைத்தவர்களை வைத்திருந்த முகாமுக்குக் கோகுல்நாத் வந்தார். கேமராக்கள் வந்தன. நேரலை என்பதால் ஜிபின் சுடலைமணியைத் தேடிப் பிடித்தான். "டவர் இல்லை அங்கிள், அரிகில் வேலை செய்யலை. நீங்களே நின்னு சொல்லணும்" என்று கெஞ்சினான். சுடலைமணி போனார். ஏன் போனார் என்று கற்பகம் இன்றும் கேட்கிறாள். அந்த ஆள் என்ன சொல்லப்போகிறான் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

கோகுல்நாத்தின் கண் கலங்கித்தான் இருந்தது. அதை நடிப்பு என்று சொன்னால் பொய். மலையாளத்தில் மெதுவாகப் பேசினார். நம்முடைய ஏற்பாடு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே, தமிழிலேயே, ஒவ்வொரு வீட்டுக்கும் அறிவிப்புக் கொடுத்துவிட்டது. காலி செய்யச் சொல்லித் தெளிவாகச் சொன்னோம். நாட்டிலேயே இப்படி நடப்பது முதல் தடவை. துரதிர்ஷ்டவசமாக, மக்கள் அதைக் கேட்கவில்லை. தகவல் இருந்தது, விழிப்புணர்வு இல்லை.

எல்லாரும் சுடலைமணியைப் பார்த்தார்கள். முன்வரிசையில் செபமாலையம்மாள், யாரோ கொடுத்த சேலையில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல நல்லதாக நாலு வார்த்தை மாற்றிப் போட்டுச் சமாளிக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். முப்பது வருஷம் அதைத்தானே செய்தார். அன்று மாற்றவில்லை.

"உங்களையெல்லாம் ஒழிஞ்சு போகச் சொன்னாராம். தெளிவாச் சொன்னாராம். நீங்க ஒழிஞ்சு போகலையாம். குத்தம் உங்களுதுன்னு சொல்லுதாரு."

செபமாலையம்மாள் எழுந்தாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"ஒழிஞ்சு போயிட்டாகன்னு சொல்லுங்க அண்ணாச்சி. எம் மகளும் அவுக அப்பனும் ஒழிஞ்சு போயிட்டாக. சொல்லுங்க அவருகிட்ட."

கோகுல்நாத் சுடலைமணி பக்கம் சாய்ந்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

சுடலைமணி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவளுடைய வார்த்தையை மலையாளத்தில் புரியவைக்க வேறு வார்த்தைகள் இருந்தன. அவருக்குத் தெரியாத வார்த்தையா? ஆனால் மிஷின் செய்த மாதிரியே செய்தார். அவள் சொன்னதை அப்படியே எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

"அவரெல்லாம் ஒழிஞ்ஞு போயி."

எல்லாரும் காலி செய்துவிட்டார்கள் என்று கோகுல்நாத்தின் காதில் விழுந்தது. நெற்றியைச் சுருக்கினார். அந்த அம்மாவைப் பார்த்து, உண்மையான அக்கறையோடு, மைக்கிலேயே கேட்டார்.

"எங்ஙோட்டு?"

எங்கே போனார்கள் என்று. அந்தக் கேள்விக்கு அங்கே ஒருவருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சுடலைமணி மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினார்.